ஜூரோங்கின் புகை

லஃப்ராய்க் விஸ்கியைக் கிளாஸில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனால் முதலில் ஏறுவது அயோடின் வாடை. பிறகு தார், கடல் உப்பு. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் புகை மேலெழும். ஒரு மிடறு விழுங்கிப் பொறுத்திருந்தால், நெஞ்சுக்குள் இறங்கிய புகை மறுபடி நாக்குக்கு ஏறி வருகிறது. அப்போது எனக்கு ஸ்காட்லாந்து தோன்றுவதில்லை. சிங்கப்பூரில் பழைய ஜூரோங்கின் பால்மரக்காடுதான் தோன்றுகிறது.

விடியுமுன் அப்பா பால் வெட்டப் போய்விடுவார். வெயில் ஏறியதும் மரங்களில் கட்டிய மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றிக் காண்டாக் கம்பில் தூக்கி வருவார். அமிலம் கலந்து உறையவைத்து, உருளையில் கொடுத்து ரப்பர் தகடாக்குவார்கள். அந்த ஈரத் தகடுகளைக் கொட்டகைக்குள் கழிகளில் தொங்கவிட்டு, விறகு மூட்டி நாள்கணக்கில் புகை போடுவார்கள். வெள்ளைத் தகடு தேன் நிறத்துக்கு வந்துவிடும். கதவைத் திறந்தால் கண் எரியும். அந்த வாடை அப்பாவின் சட்டையோடு லயத்து வீட்டுக்கும் வரும். அம்மா எத்தனை முறை சோப்புப் போட்டுக் கும்மினாலும் போகாது.

விஸ்கியும் ரப்பர் புகையும் ஒன்றுபோல மணப்பது என் மனமயக்கம் அல்ல. சதுப்பில் பல்லாயிரம் ஆண்டுகள் முழுதும் மக்காமல் இறுகிக் கிடந்த செடிகொடிகளே பீட் மண். லஃப்ராய்க் பிறக்கும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் அதை எரித்து, மால்ட் எனும் முளைகட்டிய பார்லியை உலர்த்துகிறார்கள். புகையிலுள்ள ஃபீனால்கள் ஈரத் தானியத்தில் ஒட்டிக்கொள்கின்றன. லஃப்ராய்க்கின் மால்ட்டில் அவை பத்து லட்சத்தில் 40 பங்குக்கு மேல். அதே தீவின் ஆர்ட்பெக் விஸ்கியின் மால்ட்டில் சுமார் 55. ஃபீனால் வகைகளான அதே குவயகாலும் கிரெசாலும் விறகுப் புகையிலும் உண்டு. ரப்பர் தகட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் காத்ததும் இந்த ஃபீனால்கள்தாம்.

ஐலாக்காரர்கள் லஃப்ராய்க் தொடங்கிய 1815 என்ற ஆண்டைப் போத்தலில் அச்சிட்டு, தங்கள் புகையைப் பெருமையோடு உலகுக்கு அனுப்புகிறார்கள். ஜூரோங்கின் புகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1961-இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைந்தது; நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் முனைப்பில் ஜூரோங்கின் சதுப்பு தூர்க்கப்பட்டது; 1968-இல் ஜேடிசி எனும் ஜூரோங் நகராண்மைக் கழகம் பிறந்தது. சதுப்பு தொழிற்பேட்டையான இந்தக் கதையைப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். அது உண்மைதான். அந்த ஆலைகள்தாம் என் தலைமுறைக்குச் சோறு போட்டன. அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் அதற்கு முன் இது ஆளில்லா நிலம் அல்ல. ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன, இறால் குளங்கள் இருந்தன, மண்பாண்டம் சுடும் டிராகன் சூளைகள் இருந்தன. பால்மரங்களில் கட்டிய மண் மங்குகள் இங்குள்ள சூளைகளிலேயே வெந்தன. லோரோங் தவாஸில் 1940-இல் கட்டிய தாவ் குவாங் சூளை இன்றும் நிற்கிறது; போய்த் தொட்டுப் பார்க்கலாம். அப்பா வேலை செய்த கொட்டகை இருந்த இடத்தை என்னால் காட்டக்கூட முடியவில்லை. சாலைகள் திசை மாறிவிட்டன; மேடு சமதளமாகிவிட்டது.

கட்டடத்தைக் காப்பாற்றச் சட்டம் உண்டு. வாடையைக் காப்பாற்ற மனிதர்களின் ஞாபகம் ஒன்றே வழி. அந்தப் புகையில் கண் எரிந்தவர்கள் சிலர் இன்னும் ஜூரோங் வெஸ்ட் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் மாலையில் வந்து உட்காருகிறார்கள். பிள்ளைகள் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். ஜூரோங்கின் வரலாறு ஆலைச் சங்கோடு தொடங்கவில்லை. பால் வெட்டுக் கத்தியோடும் மங்கோடும் அது முன்பே தொடங்கிவிட்டது.