கொளத்தூரில் தொட்டி, மண்டபத்தில் கடல்!

வடசென்னையில் ரெட்டேரி சந்திப்பைத் தாண்டி கொளத்தூர் தெருக்களுக்குள் நுழைந்தால், கடைக்குக் கடை மீன் தொட்டிகள்தான். ஆக்சிஜன் நிரப்பி ரப்பர் பேண்டு போட்ட பாலிதீன் பைகள் குவிந்து கிடக்கும். ஒன்றில் கப்பி, ஒன்றில் மோலி, ஒன்றில் கோல்டு ஃபிஷ். சண்டைக்கார ஃபைட்டர் மட்டும் தனித்தனிக் குப்பியில். பக்கத்திலேயே கூழாங்கல், மோட்டார், வலை, தீனி டப்பா. வீட்டுப் பின்கட்டிலும் மொட்டை மாடியிலும் சிமென்ட் தொட்டி கட்டி மீன் குஞ்சு வளர்த்த குடும்பங்கள் உருவாக்கிய சந்தை இது. இன்று நாட்டின் பல ஊர்களுக்கும் இங்கிருந்துதான் வண்ண மீன் போகிறது.

இந்த வரிசையில் சில கடைகளில் மட்டும் உள்ளே ஒரு மூலை நீல வெளிச்சத்தில் மின்னும். அதுதான் கடல் மீன் பகுதி. அப்பா, அம்மாவோடு வரும் பிள்ளைகள் நேராக ஓடிப்போய் நிற்பதும் அங்கேதான். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைக் கண்டதும், "நீமோ!" என்ற கூச்சல். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் புண்ணியம், அந்த மீனுக்கு அதுவே பெயராகிவிட்டது. அடுத்த கேள்வி, "நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கலாமாப்பா?"

வாங்கலாம். ஆனால் வாங்கப்போவது மீனை அல்ல, ஒரு துண்டுக் கடலை. குளத்து மீன் மழை, வெயில், சேறு எல்லாம் பார்த்துப் பழகியது. கொஞ்சம் தவறினாலும் தாங்கும். பவளப்பாறையில் வாழும் மீனோ உப்பும் சூடும் அதிகம் மாறாத தண்ணீரில் பிறந்தது. அந்த மாறாத தன்மையை ஹாலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கொண்டுவருவதுதான் முழு வேலையும்.

உப்புக் கணக்கு

"மெரினாவில் நாலு கேன் பிடித்து வந்தால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கூவமும் அடையாறும் கலக்கும் கரையோரத் தண்ணீரில் நகரத்துக் கழிவும் கலந்திருக்கும். அதனால் ஆர்.ஓ. தண்ணீரில் இதற்கென்றே விற்கும் கடலுப்பைக் கரைப்பதுதான் வழக்கம். சமையல் உப்பு உதவாது. கால்சியம், மக்னீசியம் என்று கடலில் உள்ள மற்றவையும் வேண்டும். லிட்டருக்கு சுமார் 35 கிராம். 200 லிட்டர் தொட்டி என்றால் ஏழு கிலோ உப்பு. தண்ணீர் மட்டுமே 200 கிலோ எடை; கல்லும் கண்ணாடியும் சேர்த்தால் டி.வி. ஸ்டாண்ட் தாங்காது.

தண்ணீர் ரெடி என்றதும் மீனை விட்டுவிடக் கூடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கிய பிறகுதான் ஆபத்து குறையும். இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நன்றாக ஓடுகிற கடல் நீர்த் தொட்டியிலிருந்து ஒரு துண்டு ஃபில்டர் பஞ்சை வாங்கிப் போட்டால் சீக்கிரம் ஆகும். பாலுக்கு உறை ஊற்றுகிற அதே கதைதான். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை தொட்டி காலியாகவே இருக்க வேண்டும். பிள்ளைகளைச் சமாதானப்படுத்த முடியாமல் முதல் வாரமே மீன் விடும் வீடுகளில்தான் பெரும்பாலும் மீன் சாகிறது.

பிறகு தினசரி வேலை. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: வெயிலில் ஆவியாவது தண்ணீர், உப்பு அப்படியே நிற்கும். உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் ஹாலில் ஓர் உப்பளம் தயாராகிவிடும். வாரத்துக்கொரு முறையோ இரண்டு வாரத்துக்கொரு முறையோ பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, புதிதாகக் கரைத்த கடல் நீரை ஊற்ற வேண்டும். அழுக்கை நுரையாகப் பொங்கவைத்துப் பிரித்தெடுக்க 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்றொரு கருவி உண்டு. அலையடிக்கும் கரையில் நுரை ஒதுங்குகிறதே, அதே தத்துவம்.

சித்திரை வெயிலும் சில்லரும்

சென்னையில் இந்தப் பொழுதுபோக்கின் உண்மையான எதிரி வெயில். இந்தத் தொட்டிகளை 25, 26 டிகிரியில் வைத்திருக்கச் சொல்வார்கள். ஏப்ரல், மே மாதங்களில் மூடிய வீட்டுக்குள் தண்ணீர் 30-ஐத் தாண்டுவது சாதாரணம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். மீன் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதனால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வேண்டியிருக்கிறது. பல வீடுகளில் தொட்டியையும் மீனையும்விட அதற்கே செலவு அதிகம். கரன்ட் போனால் மோட்டாராவது ஓட இன்வெர்ட்டர் இணைப்பு. பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போவதென்றால் பக்கத்து வீட்டில் சாவியோடு அளந்து வைத்த தீனிப் பொட்டலமும் கொடுக்க வேண்டும்.

எந்த மீன் வாங்குவது என்பதிலும் நியாயம் பார்க்க வேண்டும். கோமாளி மீன் தொட்டியிலேயே முட்டையிடும். தந்தை மீன் துடுப்பால் விசிறி விசிறி முட்டையைக் காக்கும். எல்லாக் கோமாளி மீனும் முதலில் ஆண்தான். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். பண்ணையில் பிறந்த குஞ்சாகக் கேட்டு வாங்கினால் கடலுக்கு இழப்பில்லை. படத்தில் டோரியாக வரும் நீல மீன் அப்படியல்ல. பெரும்பாலும் கடலில் பிடித்தது. ஓர் அடி வரை வளரும். சின்னத் தொட்டியில் அடைப்பது கொடுமை. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் சயனைடு தெளித்து மீனை மயங்கவைத்துப் பிடிக்கும் பழக்கம் பவளத்தையே கொன்றிருக்கிறது.

பவளத்துக்கு மட்டும் தடை

இணையத்தில் வெளிநாட்டு வீடுகளின் தொட்டிகளைப் பார்த்தால் மீனைவிடப் பவளம்தான் கண்ணைப் பறிக்கும். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல்லையும் காற்றுக் குமிழையும் மட்டும் வைத்துப் பவளத்தை வாழவைத்த முறையை 1961-ல் எழுதினார். பிறகு ஜெர்மனியில் இந்தக் கலை வளர்ந்தது. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டக் கால்சியம் வேண்டுமே, அதற்கு அவர்கள் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விட்டது நம் ஊர்ச் சுண்ணாம்புத் தெளிநீரைத்தான். ஜெர்மன் மொழியில் 'கால்க்வாசர்'.

இந்தியாவில் இதைப் பார்த்து ஆசைப்பட முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், 2001-ல் பவளப்பாறை கட்டும் பவளங்களும் கடல் விசிறிகளும் சேர்க்கப்பட்டன. கடல் குதிரையும் உண்டு. அட்டவணை உயிரைக் கொன்றால், பிடித்தால், விற்றால் மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "செத்த பவளம்தானே" என்ற சமாதானமும் செல்லாது. அதனால் இங்கே சட்டப்படி நடத்துபவர்கள் செயற்கைக் கல்லை அடுக்கி, மீனை மட்டுமே வளர்க்கிறார்கள்.

பவளத்தைப் பார்க்க ஆசையா? அதற்குக் கொளத்தூர் போதாது. ராமேஸ்வரம் ரயில் ஏற வேண்டும்.

மண்டபம் முதல் தனுஷ்கோடி வரை

இரவு சென்னையில் ஏறினால் பொழுது விடிந்த பிறகு மண்டபம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கு முந்தைய ஊர். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தூத்துக்குடியிலிருந்து இங்கு வரை கரையோரமாக 21 தீவுகள். அவற்றைச் சுற்றித்தான் பவளத்திட்டுகள். 1986-ல் தேசியக் கடல் பூங்கா ஆனது. மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை இந்த நிலையம் உருவாக்கியிருக்கிறது. கடலில் வலை போடாமலே நீமோ கிடைக்க வழி செய்தது இதுபோன்ற வேலைதான்.

கொளத்தூரில் ஸ்கிம்மர், சில்லர், மோட்டார், விளக்கு என்று தனித்தனியாக விலை போட்டு விற்பதையெல்லாம் இங்கே கடல் காசில்லாமல் செய்கிறது. அலை காற்றைக் கரைக்கிறது, நீரோட்டம் அழுக்கை இழுத்துப் போகிறது, வெயில் பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசிக்குச் சோறு போடுகிறது. அந்தப் பாசி சமைப்பதில்தான் பவளத்தின் பெரும்பங்கு சாப்பாடு.

இவ்வளவு செய்யும் கடலுக்கு மனிதர்கள் செய்த கைம்மாறு என்ன? தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தேவாலயத்தின் சுவரை அருகில் போய்ப் பார்த்தால் தெரியும். கல்லில் பூப்பூவாக, நட்சத்திர நட்சத்திரமாகத் துளைகள். அத்தனையும் பவளம். செங்கல்லைவிட எளிதாகக் கிடைத்த கல் அது. தூத்துக்குடிப் பக்கம் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி வந்து வீடு கட்டினார்கள், சுண்ணாம்புக் காளவாயில் சுட்டார்கள். 2005 வாக்கில் அது நிற்பதற்குள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்பு ஊட்டிப் பவளத்தை வளர்த்தவர்கள் ஒருபுறம். பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கியவர்கள் இன்னொருபுறம்.

வெட்டுவதை நிறுத்தியாயிற்று. இப்போது பயம் சூடு. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் நீடித்தால் போதும். பவளம் தன் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும், இல்லையென்றால் பட்டினியில் சாகும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆண்டுகளில் அப்படி வெளுத்தது. ஹாலில் உள்ள தொட்டிக்கு அந்த ஒரு டிகிரியைக் குறைக்க சில்லர் வாங்கிவிடலாம். கடலுக்கு எங்கே போய் வாங்குவது? மீன் தொட்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். தெர்மாமீட்டரில் ஒரு கோடு ஏறினால் என்ன ஆகும் என்பதைத் தினமும் பார்ப்பவர்கள் அவர்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். தீவுகளுக்குள் அனுமதியில்லாமல் இறங்க முடியாது. பாம்பன் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது; காற்றடிக்கும் நாளில் ஓடாது, முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது. இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தாலும் பவளத்தின் மேல் கால் வைக்க வேண்டாம். விரல் நீளம் வளரவே அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். தனுஷ்கோடி மணலில் வெள்ளைப் பவளத் துண்டு ஒதுங்கிக் கிடந்தால், கையில் எடுத்து அந்த நட்சத்திரத் துளைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அங்கேயே போட்டுவிட்டு வரவும்.