எடைக்கும் விலைக்கும் இடையே

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. திருவல்லிக்கேணி பாரதி சாலையில் கடைகளின் ஷட்டர்கள் இறங்கியே இருந்தன. அவை இறங்கியிருப்பதால்தான் பழைய புத்தகக்காரர்களுக்கு நடைபாதை கிடைக்கிறது. தள்ளுவண்டியிலிருந்து ஒன்பது கோணி மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, நீலத் தார்ப்பாயை உதறி விரித்தார் அந்தப் பெரியவர். ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று முந்தைய வாரமே கேட்டு வைத்திருந்தேன். "பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? மூட்டைய அவுக்கக் கை குடு, பேச்சு தானா வரும்" என்றார்.

கயிற்றை அறுக்கக் கூடாது என்பது முதல் பாடம். சாயங்காலம் கட்டுவதற்கு அதே கயிறு வேண்டும். முடிச்சை நகத்தால் நெகிழ்த்தி அவிழ்த்ததும் புழுதியும் பழைய தாளின் புளிப்பும் கலந்த நெடி எழுந்தது. அவர் மூட்டையைக் கவிழ்க்கவில்லை. ஏழெட்டாக அள்ளி மடியில் வைத்து, ஆள் பார்த்துப் பந்தி பரிமாறுவதுபோல நாலாபுறமும் வைத்துக்கொண்டே போனார். போட்டித் தேர்வு வழிகாட்டிகள் முன்வரிசையில். மேன்ஷன்களில் அறை எடுத்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த பேட்டை இது. அன்றைய சோற்றுக்கு அந்த வரிசைதான் உத்தரவாதம். பொறியியல், மருத்துவப் பாடநூல்கள் அதற்குப் பின்னால். ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் நாவல்கள் ஓர் அடுக்கு. ஆங்கிலத் துப்பறியும் கதைகள் இன்னோர் அடுக்கு. எதிலும் சேராத சில புத்தகங்கள் மட்டும் அவர் முதுகுக்குப் பின்னால், ஷட்டரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தன. ஒரு புத்தகத்துக்கு மூன்று விநாடி, நான்கு விநாடி. அதற்குமேல் இல்லை.

அந்த மூன்று விநாடியில் அவர் என்னதான் பார்க்கிறார்? பத்து மணி வாக்கில் கூட்டம் சேர்வதற்குள் சொல்லிக்கொடுத்துவிட்டார். தலைப்பை அவர் கடைசியில்தான் பார்க்கிறார். முதலில் விலை. ரூபாயும் அணாவுமாக விலை போட்டிருந்தால் அது 1957க்கு முந்தைய அச்சு. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நயா பைசா வந்தது. அடுத்தது பதிப்பகத்தின் முகவரி. ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972க்குப் பிறகு. வெறும் 'சென்னை-5' என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கு முன்னால். முதல் பக்கங்கள் கிழிந்து விலையும் முகவரியும் போயிருந்தால், எழுத்தையே பார்க்கிறார். தும்பிக்கை வைத்த 'லை', 'னை', வளைந்த பழைய 'ணா', 'றா'. தமிழக அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்ட பிறகும் அச்சகங்கள் கையிலிருந்த பழைய எழுத்துகளைச் சில காலம் ஓட்டின என்பதும் அவருக்குத் தெரியும். அதனால் அதோடு நிறுத்தாமல், தாளின் பின்புறத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்கிறார். ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த பக்கம் என்றால் மறுபுறம் மெல்லிய மேடு தட்டும். ஆஃப்செட் வழவழவென்று இருக்கும். என் விரலைப் பிடித்து ஒரு பக்கத்தின் மேல் வைத்தார். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு. அந்தப் பக்கத்தை ஒருவர் எழுத்து எழுத்தாகப் பொறுக்கி அடுக்கியிருக்கிறார் என்பது விரலுக்குத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் படித்தும் நான் ஒரு புத்தகத்தை அப்படித் தொட்டதில்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். நூலியல் என்று பல்கலைக்கழகங்களில் சொல்லித்தரும் துறையின் பாதியை மூன்று விநாடிக்குள் செய்து முடிக்கிறார்.

புத்தகம் அவரிடம் வந்து சேரும் வழி எளிது, கொஞ்சம் கொடியது. வீட்டிலிருந்து பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகிறது. செய்தித்தாள், அட்டைப்பெட்டி, புத்தகம், எல்லாவற்றுக்கும் அங்கே தராசுதான். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மாம்பலம் என்று இருபது முப்பது பேப்பர் கடைக்காரர்கள் இவருக்குப் பழக்கம். மூட்டை சேர்ந்ததும் போன் வரும். போய்ப் பார்த்து, கடைக்காரர் கொடுத்த எடை விலைக்கு மேல் கொஞ்சம் போட்டுக் கொடுத்து எடுத்து வருகிறார். ஒரு நாள் தாமதமானாலும் லாரி வந்துவிடும். லாரி ஏறியது காகித ஆலையில் கூழாகும். எப்போது மூட்டை அதிகம் வரும் என்று கேட்டேன். "ஸ்கூல் முடிஞ்சா வரும். வீடு இடிச்சு ஃபிளாட் கட்டுனா வரும். பெரியவங்க யாராச்சும் தவறிப்போனா, காரியம் முடிஞ்ச வாரமே வரும்" என்றார். சொல்லும்போது கை நிற்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அது நடந்திருக்கிறது. மாம்பலத்தில் வாடகை வீட்டைக் காலி செய்தபோது அம்மா சேர்த்து வைத்திருந்த பைண்டு புத்தகங்களைப் பேப்பர்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். பதினோரு வயது. இரண்டு நடை நடந்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள்; ஒன்றும் சொல்லவில்லை. புது வீட்டில் அலமாரி வைக்க இடமில்லை என்பது அவளுக்கும் தெரியும். இந்தத் தெருவுக்கு நான் வரத் தொடங்கியதே அந்தப் புத்தகங்களைத் தேடித்தான்.

பைண்டு புத்தகம் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கலாம். வார இதழில் வரும் தொடர்கதையை வாரா வாரம் கிழித்து எடுத்து, வரிசை கலையாமல் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்துத் தைத்து அட்டை போட்டு வாங்குவார்கள். கல்கி, ஆனந்த விகடன், குமுதம் என்று எது வந்த வீட்டிலும் இந்த வழக்கம் இருந்தது. ஒரு வகையில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென ஒரு பிரதி மட்டும் வெளியிட்ட பதிப்பகம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்' அப்படித்தான் எத்தனையோ வீடுகளில் புத்தகமானது. கல்கியின் எழுத்துகள் அரசுடைமையான பிறகு அந்த நாவல் எல்லாப் பதிப்பகங்களிலும் கிடைக்கிறது. பெரியவரிடம் அதைச் சொன்னேன். "கதை எங்க வேணா கெடைக்கும்மா. மணியம் படம் போட்ட அந்தப் பக்கம் கெடைக்குமா? பின்பக்கம் வந்த சோப்பு விளம்பரம் கெடைக்குமா?" என்றார். நூலகங்கள் நாவலைக் காப்பாற்றும். நாவலை ஒரு வீடு எப்படிப் படித்தது என்பதைக் காப்பாற்றுவது இந்தத் தார்ப்பாய்தான். ஓரத்தில் பென்சிலில் எழுதிய பால் கணக்கு, கதையில் வரும் வானதியை யாரோ கடைசிப் பக்கத்தில் வரைந்த படம், இவையெல்லாம் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

பெரியவரின் அப்பாவும் இதே தொழில். மூர் மார்க்கெட்டில் கடை. சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், 1900இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடம். நகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் பெயரில் வந்தது. கிராமபோன் தட்டு, பறவை, பழைய கடிகாரம் என்று கிடைக்காதது இல்லை என்றாலும், படிக்கிறவர்களுக்கு அது புத்தகச் சந்தைதான். 1985 மே 30 அன்று தீப்பிடித்து எரிந்தது. இவருக்கு அப்போது இருபதைத் தாண்டிய வயது. "தண்ணி அடிச்சதுல தப்புனதும் வீணாப்போச்சு. அட்டை எரிஞ்ச வாசனை ஒரு மாசம் எங்கப்பா சட்டைய விட்டுப் போவல" என்றார். அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. மூர் மார்க்கெட்டின் சிறு மாதிரி வடிவம் ஒன்றை அங்கே வைத்திருக்கிறார்கள். ரயில்வேயின் வழக்கில் அந்த முனையத்துக்குப் பெயர் இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்தான். இல்லாமல் போன சந்தையின் பெயருக்குத் தினமும் ரயில்கள் வந்து போகின்றன.

கடைக்காரர்களுக்கு நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் உச்சிவேளையில் போயிருக்கிறேன். வரிசையாகச் சிறு கடைகள், கூரை வரை பாடநூல்கள். கேட்ட புத்தகத்தை எழுந்திருக்காமலே, அடுக்கு சரியாமல் நடுவிலிருந்து உருவிக் கொடுத்தார் ஒருவர். தேடி வருகிறவருக்கு அது நல்ல இடம். போகிற போக்கில் காலில் தட்டுப்படும் புத்தகத்துக்கு அது இடமில்லை. மூர் மார்க்கெட் தந்தது அந்தத் தற்செயலைத்தான். அதனால்தான் இவருடைய அப்பா அல்லிக்குளம் போகாமல் தெருவுக்கு வந்துவிட்டார்.

இந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு தமிழுக்கு ஒரு நூலகத்தையே சேர்த்துக் கொடுத்தவர் ஒருவர் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா. சினிமா பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையும் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கிச் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைக்கச் செய்தது. இன்று தரமணியில் இருக்கிறது. தமிழ் அச்சு வரலாற்றை எழுத வருகிற யாரும் அங்கே போகாமல் எழுத முடியாது. அப்படிப்பட்ட சேகரிப்பாளர் ஒவ்வொருவருக்கும் முன்னால், எடைக்கு வந்ததைத் தனியே எடுத்து வைத்த ஒரு கை இருந்திருக்கும். அந்தக் கைகளின் பெயர் எந்த நூலின் நன்றியுரையிலும் நான் பார்த்ததில்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதினோரு மணிக்கு மேல் பேச நேரமில்லை. ஓர் இளைஞன் குரூப்-2 வழிகாட்டிக்கு அரை மணி பேரம் பேசி 60 ரூபாய்க்கு வாங்கிப் போனான். நூலக முத்திரை குத்திய நான்கு புத்தகங்களை ஒருவர் விற்கக் கொண்டுவந்தார். முத்திரையின் மேல் 'நீக்கப்பட்டது' என்று இல்லை. பெரியவர் கையால் தொடாமலே வேண்டாம் என்றார். கொஞ்ச தூரத்தில் அன்றைய ஆங்கில விற்பனைச் சாதனை நாவல்களின் களவு அச்சுகள் பளபளவென்று அடுக்கியிருந்தன. தன் தார்ப்பாயில் அவற்றை ஏற்றுவதில்லை என்று வைத்திருக்கிறார். எழுதியவருக்கு ஒரு காசும் போகாத அந்தப் புத்தகங்களுக்குப் பக்கத்தில், எடைக்கு வாங்கியதைத் தரம் பார்த்து விற்கும் இவர் பிழைப்பு நடத்த வேண்டியிருக்கிறது. வாங்குகிறவர்கள் அந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

பழைய புத்தகக்காரர்களுக்கு அறுவடை பொங்கலை ஒட்டித்தான். நந்தனம் ஒய்எம்சிஏவில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில், உள்ளே நூற்றுக்கணக்கான அரங்குகள் என்றால் வெளியே நடைபாதை நெடுகப் பழைய புத்தகங்கள். 1977இல் தொடங்கிய காட்சி அது. உள்ளே புதுப் புத்தகம் வாங்கிய கையோடு வெளியே வந்து குந்தி உட்கார்ந்து தேடும் முகங்களை அங்கே பார்த்திருக்கிறேன். எழுத்தாளர்களும் வருவார்கள், தாங்கள் நண்பருக்கு அன்புடன் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த புத்தகத்தை அங்கே கண்டெடுத்தவர்களும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அந்தக் காட்சி ஜனவரியில் நடக்காமல் தள்ளிப்போனது. பெரியவருக்கு அந்த வருடம் இரட்டை அடி. தரைத்தள அறையில் வைத்திருந்த மூட்டைகள் நனைந்தன. சாதாரணத் தாள் நனைந்தால் விசிறிக்குக் கீழே பிரித்துப் போட்டுக் காப்பாற்றலாம். வழவழப்பான ஆர்ட் பேப்பர் நனைந்தால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகையாகிவிடும். ஓவியப் புத்தகங்கள் அத்தனையும் அப்படிப் போயின.

மூன்று மணிக்கு முதுகுப்பக்க அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். தி. ஜானகிராமனின் 'மோகமுள்', வார இதழ்ப் பக்கங்களாகவே சேர்த்த பைண்டு. அட்டையில்லை. முதுகுத்துணி உரிந்து, இராமபாணப் பூச்சி ஓரங்களில் வளைந்து வளைந்து தின்றிருந்தது. என் அம்மாவுடையது அல்ல. முதல் பக்கத்தில் வேறொரு பெண்ணின் பெயர், அழகான சாய்வெழுத்தில். "எங்கிட்ட இருந்தா இந்த மழைக்குத் தாங்காது. நீ கொண்டுபோ. தெருவு தாண்டி பாய் கடையில குடு" என்றார். எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்ன விலை, மூட்டையின் எடை விலையைவிட அதிகம், புத்தகத்தின் மதிப்பைவிட மிகக் குறைவு.

பைண்டிங் கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. பாய்க்கு எழுபது வயது இருக்கும். புத்தகத்தை வாங்கியதும் திறக்காமல் முதுகைத்தான் பார்த்தார். பழைய நூலைக் கத்தியால் ஒவ்வொரு தையலாக அறுத்து, காய்ந்த பசையை ஈரத்துணி வைத்து ஊறவிட்டுச் சுரண்டினார். தனித்தனித் தாளாகக் கிழித்துச் சேர்த்தது என்பதால் மடிப்பில் தைக்க வழியில்லை. பக்கவாட்டில் குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலில்தான் தைக்க வேண்டும் என்றார். தைத்தால் ஓரத்தில் அரை விரல் அகலம் உள்ளே போய்விடும். "எழுத்து மறையுமா பாய்?" என்றேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எழுத்து ஓரத்துக்கு நெருங்கிய தாள்களுக்கு மட்டும் மெல்லிய தாளை ஒட்டி நீட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார். அப்படி முப்பத்தெட்டுத் தாள்.

மைதாப் பசை ஒரு அலுமினியக் கிண்ணத்தில் இருந்தது, மயில்துத்தம் கலந்ததால் மெல்லிய நீலம் ஓடியது. பூச்சிக்கு அது ஆகாது. ஒரு தாளுக்கு ஓரம் ஒட்டி, எலும்புத் துண்டால் நீவி, செய்தித்தாளுக்கு இடையில் வைத்தார். அடுத்த தாள். அவர் கையில் அவசரம் இல்லை. பென்சில் எழுத்து எதையும் அழித்துவிட வேண்டாம் என்று சொன்னேன். "நான் ஒட்டறவன், அழிக்கறவன் இல்லம்மா" என்றார். அட்டைக்குக் காலிகோத் துணியின் நிறம் கேட்டார். எங்கள் வீட்டுப் புத்தகங்கள் கரும்பச்சை. அதையே சொன்னேன்.

வெளியே தூறத் தொடங்கியிருந்தது. பாரதி சாலையில் இந்நேரம் தார்ப்பாயைப் புத்தகங்களின் மேல் மடித்துப் போட்டிருப்பார்கள். என்றைக்கு வரட்டும் என்று கேட்டேன். பாய் தாள்களின் மேல் பலகையை வைத்து, பலகையின் மேல் இரும்பு பிரஸ்ஸை இறக்கித் திருகினார்.

"வெயில் வந்தா வியாழக்கிழமை. இல்லேன்னா ஞாயித்துக்கிழமை அவரு கடை போடறப்ப, அவருகிட்டயே குடுத்து வெக்கறேன்."