சன்னல் யாருக்கு

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு மாடியில் நின்றால் குருடிமலை தெரியும், வடக்கே மேகம் விலகினால் நீலகிரி தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வருகிற காற்றில் கொஞ்சம் அரபிக்கடல் கலந்திருக்கும், அவ்வளவுதான். கப்பலோடு எங்கள் ஊர்ப்பக்கத்துக்கு இருக்கிற பெரிய சம்பந்தம் ஜெயிலில் இருக்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.யைக் கோயம்புத்தூர் மத்திய சிறையில் அடைத்துச் செக்கிழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இன்னும் இருக்கிறது.

முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியிருக்கிறேன். வ.உ.சி. பாடம் வரும்போதெல்லாம் ‘காலியோ’ கப்பலின் கணக்கைக் கரும்பலகையில் எழுதுவேன். முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1300 பேர். ஒரு வருடம் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, “அந்த ஆயிரத்து முன்னூறு பேரும் எங்கீங்க டீச்சர் படுப்பாங்க?” என்று கேட்டான். “மேல்தளத்துல, பாயை விரிச்சு” என்றேன். வகுப்பு சிரித்தது. அது சிரிக்கிற விஷயம் இல்லை. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல பத்தாண்டுகள் ஓடிய ரஜுலா கப்பலில் ஆயிரக்கணக்கில் டெக் பயணிகள் போனார்கள். முதலில் ஏறியவர் நிழல் பார்த்துப் பாய் போடுவார், பிந்தி ஏறியவருக்குக் கழிப்பறைப் பக்கம். ரஜுலாவுக்குப் பிறகு அந்த வழியில் எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே நின்றுபோனது. அதற்குப் பிறகு கப்பல் என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சினிமாவில் பார்ப்பது என்றாகிவிட்டது.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா என்கிற சொகுசுக் கப்பலை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கி வைத்தார். இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப்பகல். நடுக்கடல் வரை போய்த் திரும்பி வரும். பாஸ்போர்ட் வேண்டியதில்லை. அந்தக் கப்பல் 1990இல் பிரான்சில் கட்டப்பட்டு, அமெரிக்கக் கம்பெனிக்கு ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்று ஓடி, நடுவில் ஸ்பெயின்காரர்களிடம் இருந்து, பெயர் மாறி மாறிக் கடைசியில் இங்கே வந்தது. என் மகள் பிறந்ததும் அதே வருடம்தான். அதைச் சொன்னேன். “அப்ப கப்பலுக்கும் முதுகு வலி இருக்கும்” என்றாள்.

மகளும் மாப்பிள்ளையும் சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனியில் வேலை. பேத்திக்கு அஞ்சு வயசு. ஊரடங்கு காலத்தில் என் வீட்டுக்கு வந்தவள், பாதி இங்கேயே தங்கிவிட்டாள். மத்தியானம் பள்ளி வேன் என் வாசலில்தான் நிற்கும். என்னை அம்மிச்சி என்பாள். போய்ச் சேர்ந்து ஆறு வருடமான என் வீட்டுக்காரரைப் போட்டோவில் பார்த்து அப்புச்சி என்பாள். தபால் ஆபீஸில் நான் போட்டிருந்த பணம் அந்த ஆடியில் முதிர்ந்தது. “பாதிச் செலவு நான் தர்றேன், எல்லாரும் கப்பல்ல போலாம்” என்றேன். பேத்தி அன்றைக்கே நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து மகள் மடிக்கணினியைக் கொண்டுவந்து கப்பலின் வரைபடத்தைக் காட்டினாள். ஒவ்வொரு தளமும் ஒரு நீளமான வெள்ளரிக்காய் மாதிரி, உள்ளே முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கப்பலின் வயிற்றுக்குள் சன்னலே இல்லாத அறைகள் இருக்கின்றன. விலை அதுதான் குறைவு. ஓரத்தில் திறக்காத கண்ணாடிச் சன்னல் வைத்த அறைகள். அதற்கு மேலே பால்கனி வைத்தவை, அதற்கும் மேலே பெரிய மனிதர்கள் தங்குகிற சூட். மகள் ஏற்கெனவே இரண்டு கட்டங்களைக் குறித்து வைத்திருந்தாள். அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு பால்கனி அறை. எனக்கும் பேத்திக்கும் உள்ளே ஒரு சன்னலில்லாத அறை.

காரணம் எல்லாம் கச்சிதம். பால்கனியில் குழந்தையை விட முடியாது, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிடுவாள். உண்மைதான். குழந்தை என்னோடுதான் தூங்கும். அதுவும் உண்மை. உள்ளறை இருட்டாக இருக்கும், குழந்தை நன்றாகத் தூங்கும். இதுவும் உண்மை. பல குடும்பங்கள் அதற்காகவே உள்ளறை எடுக்கிறார்கள், என்ன, விடிந்தது தெரியாது. ஒவ்வொன்றாகக் கேட்டால் தலையாட்டத்தான் தோன்றும். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், பாதிப் பணம் போட்டவள் கடலுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள் என்று விடை வருகிறது.

“எனக்குச் சன்னல் வேணும் கண்ணு” என்றேன்.

“நாள் பூரா டெக்குல நின்னு கடலைத்தானுங்கம்மா பாக்கப்போறீங்க. தூங்கற ரூமுல எதுக்குச் சன்னல்?”

சின்ன வயசில் இருந்து எனக்குக் கணக்கு வரும். ஒரு பேப்பரை எடுத்து எழுதிக் காட்டினேன். கப்பலில் நாம் இருக்கப்போவது சுமார் முப்பத்தெட்டு மணி நேரம். பேத்தி ராத்திரி எட்டரைக்குத் தூங்குவாள், காலையில் ஆறரைக்கு எழுவாள். இரண்டு ராத்திரிக்கு இருபது மணி நேரம். மத்தியானம் இரண்டு மணி நேரம் தூக்கம். இந்த இருபத்திரண்டு மணி நேரமும் அஞ்சு வயசுப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு யாரும் பாட்டுக் கச்சேரிக்குப் போக முடியாது. ஆக, குழந்தையோடு இருப்பவர்தான் அறைக்குள் அதிக நேரம் இருப்பார். அவர் தூங்கப்போவது அதில் ராத்திரிக்கு ஆறு மணி நேரம். பால்கனி எடுத்தவர்கள் அறைக்கு வருவதே துணி மாற்றத்தான். பின்னே சன்னல் யாருக்கு?

மாப்பிள்ளை பேப்பரை வாங்கிப் பார்த்தார். “அத்தை சொல்றது சரிதானுங்க” என்றார். மகள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அஞ்சு வருசமா நாங்க ரெண்டு பேரும் தனியா உக்காந்து ஒரு டீ குடிச்சதில்லைங்கம்மா. அந்தப் பால்கனியில ஒரு டீ. அவ்ளோதான் நெனச்சேன்” என்றாள். குரல் உடைந்துவிடும் போலிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. ஊரடங்கில் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்ததை நான்தானே பார்த்தேன். ஆனால் நானும் பொய் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் ரயிலில் எனக்காக டி.டி.ஆரிடம் கெஞ்சி லோயர் பெர்த் வாங்கித் தருவார். லோயர் பெர்த் பக்கம் சன்னல் உண்டு, ஆனால் ராத்திரி திருடன் வருவான் என்று அவரே ஷட்டரை இறக்கிவிட்டு மேலே ஏறிப் படுத்துக்கொள்வார். ஓடுகிற வண்டியில் ராத்திரி வெளியே பார்த்தபடி போனதாக எனக்கு ஞாபகமே இல்லை.

நாலு பேரும் ஒரே அறையில் இருக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. செலவு நன்றாகக் குறையும். அறைக் கட்டணத்தை இரண்டு பேர் என்று வைத்துத்தான் போடுகிறார்கள், மூணாவது நாலாவது ஆளுக்குக் குறைவு. சுவரில் மடித்து வைத்திருக்கிற மேல் கட்டிலைச் சாயங்காலம் இறக்கி விடுவார்கள், ஏணி வைத்து ஏற வேண்டும். என் முழங்கால் ஏறாது. குழந்தையை மேலே போட முடியாது. ஆக, மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கொரு மேல் கட்டில். இதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

கடைசியில் பால்கனியும் இல்லை, உள்ளறையும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சன்னலறை என்று முடிவானது. விட்டுக்கொடுத்தது மகள்தான். பதிலுக்கு நான் ஒன்று சொன்னேன். முதல் ராத்திரி குழந்தை என்னோடு, இரண்டாவது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் பதினோரு மணி வரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் எங்கே வேண்டுமானாலும் போய் டீ குடியுங்கள், அதற்கப்புறம் அவள் உங்கள் அறையில்.

எந்தத் தளம் என்பதில் எதிர்வீட்டு அம்மாவும் கலந்துகொண்டார். “டைட்டானிக்குல கீழ இருந்தவீகதான் டீச்சர் செத்தாங்க, மேல எடுங்க.” நான் கீழேதான் கேட்டேன். தூளியை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். தூளியில் மேலே முடிச்சு அசையாது, கீழே பிள்ளை படுத்திருக்கிற இடம்தான் ஆடும். பக்கவாட்டில் ஆடும் கப்பல் தலைகீழான தூளி. தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் ஆட்டம் குறைவு, உயரப் போகப் போக வீச்சு அதிகம். முன்னும் பின்னும் ஆடுவது வ.உ.சி. பூங்காவில் இருக்கிற ஏற்ற இறக்கப் பலகை மாதிரி, நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு நுனிக்கும்தான் வயிறு புரட்டும். ஆகவே கீழ்த்தளம், நடுப்பகுதி. லிப்டுக்குப் பக்கம், ஆனால் லிப்டுக்கு நேர் எதிரே வேண்டாம். தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும், சமையல்கூடமோ நடனக்கூடமோ இருந்தால் ராத்திரி முழுக்கச் சத்தம். கம்பெனியே தங்கள் இஷ்டத்துக்கு ஓர் அறையைக் கொடுப்பது என்று ஒரு மலிவு விலை உண்டு. குழந்தையும் கிழவியும் போகிற இடத்தில் அது ஆகாது, இரண்டு அறையும் இரண்டு கோடியில் கிடைத்தால் என்ன செய்வது? இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்ததைப் பார்த்து மாப்பிள்ளை, “அத்தை, நீங்க எங்க கம்பெனியில சேந்துடலாமுங்க” என்றார்.

டைட்டானிக் பயத்துக்கும் பதில் இருந்தது. ஆபத்தில் எங்கே கூட வேண்டும் என்பதை அறைக்கு அறை குறித்தே வைத்திருக்கிறார்கள். 2012இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று ஏறியவர்கள் பலருக்கு அந்த ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 2015இல் இருந்து கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்று உலக விதியை மாற்றிவிட்டார்கள். நாங்களும் நின்றோம். குழந்தைகளுக்கென்று சின்ன உயிர்காப்பு அங்கி இருக்கிறது. கேட்டு வாங்கி என் பேத்திக்கு மாட்டிப் பார்த்தேன். அதைக் கழற்ற மாட்டேன் என்று அவள் செய்த ரகளைதான் அந்தப் பயணத்தில் நாங்கள் சந்தித்த ஒரே புயல்.

முதல் ராத்திரி. பேத்தி தூங்கிவிட்டாள். நான் சேலையை மாற்றிக்கொண்டு, திரையை விலக்கி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். சன்னலில் கடல் இல்லை. கண்ணாடியில் நான்தான் இருந்தேன், பின்னால் கட்டிலும் விளக்கும். கதவைத் தட்டி மகள் உள்ளே வந்தாள், பிள்ளை தூங்கிவிட்டாளா என்று பார்க்க. என்னையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இதுக்காம்மா அத்தனை சண்டை?”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை எழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டோம். அப்புறம் அவள் விளக்கை அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் கண் பழகியது. கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு அசைவது தெரிந்தது, கப்பல் வெளிச்சம் விழுந்த இடத்தில் நுரை போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு விளக்கு. மீன்பிடிப் படகாக இருக்கும் என்றேன். அவள் கட்டிலில் காலைத் தூக்கி வைத்து என் தோளில் சாய்ந்தாள். அவள் அப்படிச் சாய்ந்து எத்தனை வருடம் ஆகிறது என்று கணக்குப் போடவில்லை. அவர் காத்துக்கொண்டிருப்பாரே என்றேன். “இருக்கட்டும்” என்றாள். ஆபீஸைப் பற்றிச் சொன்னாள். இன்னொரு குழந்தை வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்திருப்பதையும் சொன்னாள். மாமியார் வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம். எனக்கும் அதுவரை தெரியாது.

இரண்டாம் ராத்திரி பேசினபடி பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வந்து தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அறை முழுக்க எனக்கு. எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. விடியற்காலையில் கண் விழித்தபோது சன்னல் சாம்பல் நிறமாக இருந்தது, கரை தெரிய ஆரம்பித்திருந்தது. அஞ்சு நிமிஷத்தில் கதவைத் தட்டிக்கொண்டு பேத்தி வந்துவிட்டாள். சன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு, “அம்மிச்சி, மலையைக் காணோம்” என்றாள்.

2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போக ஆரம்பித்தது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும், எனக்கு இல்லை. நேற்று மகள் கப்பல் வரைபடத்தை மறுபடியும் அனுப்பியிருந்தாள், இரண்டு கட்டங்களைச் சிவப்பில் குறித்து. கீழ்த்தளத்தில் நடுவில் ஒரு சன்னலறை, மேலே ஒரு பால்கனி அறை. யாருக்கு எது என்று எழுதவில்லை. பார்த்துவிட்டேன் என்பதற்கு இரண்டு நீலக்கோடு அவளுக்குப் போயிருக்கும். இன்னும் பதில் போடவில்லை. முதலில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட வேண்டும்.