மெக்கில் பீரங்கியும் என் ஸ்டைபெண்டும்

இந்தப் பக்கம் வந்து இரண்டு மாசம் ஆகிவிட்டது. கடையை மூடிட்டியா என்று மெயில் போட்டுக் கேட்ட இரண்டு பேருக்கும் நன்றி :) மூடவில்லை. மான்ட்ரியால் குளிர் ஒரு காரணம், தீசிஸ் இன்னொரு காரணம். இந்தப் பதிவு இரண்டாவது காரணத்தைப் பற்றியது. கொஞ்சம் நீளம், டீயோடு உட்காருங்கள்.

என் கைடு ஒரு புது ப்ராஜெக்டில் சேர்கிறாயா என்று கேட்டிருக்கிறார். பணத்தில் பாதி மைட்டாக்ஸ் தரும், மீதி ஒரு கம்பெனி தரும். மைட்டாக்ஸ் என்றால் பல்கலைக்கழகத்தையும் கம்பெனியையும் சேர்த்துவைக்கிற கல்யாணத் தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1999லிருந்து கனடாவில் இந்த வேலையைச் செய்கிறது. கம்பெனி பாதுகாப்புத் துறைக்குச் சாமான் செய்து விற்கிற கம்பெனி. பேர் வேண்டாம். ஸ்டைபெண்ட் இப்போது வாங்குவதை விட நல்லாவே கூட. ஊரில் கல்விக்கடன் வட்டி மாசாமாசம் ஏறிக்கொண்டிருக்கிறது. பதில் சொல்ல மாசக் கடைசி வரை டைம்.

நான் செய்வது என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மண் ரோட்டில் டவுன் பஸ் போகும்போது பின்னாலேயே புழுதி சுருண்டு துரத்திக்கொண்டு போகும், பார்த்திருப்பீர்கள். மொட்டையான பின்பக்கத்தில் காற்றழுத்தம் குறைந்து, அந்தக் குறைவே வண்டியைப் பின்னால் இழுக்கிறது. அந்த இழுவையை எப்படிக் குறைப்பது என்பதுதான் என் வேலை. பஸ், லாரி, ரயில் எல்லாவற்றுக்கும் பொருந்தும். மொட்டையான பின்பக்கம் உள்ள இன்னொரு சாமான் பீரங்கிக் குண்டு.

கைடு கேட்ட அன்று ராத்திரி, இந்த ஊரில் இதற்கு முன்னால் இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று தேடினேன். நடந்திருக்கிறது. சும்மா இல்லை, உலகத்திலேயே பெரிய கதையாக நடந்திருக்கிறது. ஷெர்புரூக் தெருவில், நான் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற மெக்கில் பல்கலைக்கழகத்தில்.

ஜெரால்ட் புல். 1928ல் ஒன்டாரியோவில் பிறந்தவர், டொரன்டோவில் சின்ன வயதிலேயே டாக்டர் பட்டம். கியூபெக் பக்கம் வால்கார்ட்டியேயில் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் பத்து வருஷம் இருந்துவிட்டு, 1961ல் மெக்கிலில் பேராசிரியரானார். அவருக்கு ஒரு பைத்தியம்: ராக்கெட் எதற்கு, பீரங்கியால் சுட்டே விண்வெளிக்கு அனுப்பலாம். அப்போது பொறியியல் டீனாக இருந்த டொனால்ட் மோர்டெல் இதை நம்பினார். ஹார்ப் என்று திட்டத்துக்குப் பேர். கனடா அரசும் அமெரிக்க ராணுவமும் பணம் போட்டார்கள். அமெரிக்கக் கடற்படை கழித்துக்கட்டிய 16 அங்குலப் பீரங்கியை பார்படோஸ் தீவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள் (மெக்கிலுக்கு அங்கே ஏற்கெனவே பெல்லேர்ஸ் என்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது). 1963 ஜனவரியில் முதல் குண்டு. அந்தக் குண்டுகளுக்கு மார்ட்லெட் என்று பேர். மெக்கில் முத்திரையில் இருக்கிற கால் இல்லாத சின்னப் பறவை அது. பல்கலைக்கழகச் சின்னத்தின் பேரையே குண்டுக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவு பெருமை!

பெருமைப்படவும் விஷயம் இருந்தது. மேல் வளிமண்டலத்தில் காற்று எப்படி வீசுகிறது என்பதை ராக்கெட்டை விடச் சல்லிசாக அளந்தார்கள். 1966 நவம்பர் 18 அன்று அரிசோனாவின் யூமாவில் சுட்ட ஒரு மார்ட்லெட் 180 கி.மீ. உயரம் போனது. விண்வெளியின் எல்லை என்று சொல்கிற 100 கி.மீ.க்கு எவ்வளவு மேலே பாருங்கள்.

அதற்கடுத்த வருஷமே பணம் நின்றது. 1967 நடுவில் கனடா கையை விரித்துவிட்டது. இங்கேதான் எனக்குக் கதை ஆரம்பிக்கிறது. மான்ட்ரியாலிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போகிற தூரத்தில், அமெரிக்க எல்லையில், ஹைவாட்டர் என்ற ஊரில் ஹார்ப் திட்டத்துக்கு ஒரு சோதனைத் தளம் இருந்தது. அந்த இடம், கருவிகள், பழகிய ஆட்கள் எல்லாம் ஸ்பேஸ் ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற புல்லின் கம்பெனியாக மாறின. தளம் எல்லையின் இரண்டு பக்கமும் பரந்திருந்தது, ஒரு கால் கியூபெக்கில், ஒரு கால் வெர்மான்டில். பேரில் ஸ்பேஸ் இருந்தது. ஆனால் விண்வெளிக்குப் பீரங்கி வாங்க உலகத்தில் கஸ்டமர் கிடையாது. தரையில் சுடுகிற பீரங்கிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

அப்படி வந்ததுதான் ஜிசி-45. ஜி என்றால் கன், சி என்றால் கனடா. 155 மில்லிமீட்டர். மற்றவர்கள் 20 கி.மீ.யைத் தாண்டத் திணறிக்கொண்டிருந்த காலத்தில் இது 30 கி.மீ. போனது. குண்டை ஒல்லியாக நீட்டினார்கள். பின்பக்கத்தில் மெதுவாக எரிகிற ஒரு சின்ன மருந்தை வைத்தால், அதிலிருந்து வரும் புகை அந்த அழுத்தக் குறைவை நிரப்பி இழுவையைக் குறைக்கும். தூரம் 40ஐ நெருங்கும். இதைப் படித்தபோது எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தேன், மைனஸ் 18ல். பஸ் புழுதி விஷயமேதான்!

யாருக்கு விற்றார்கள்? தென்னாப்பிரிக்காவுக்கு. 1977 நவம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபை அந்த நிறவெறி அரசுக்கு ஆயுதம் விற்கக் கட்டாயத் தடை போட்டது. புல்லின் குண்டுகள் ஆன்டிகுவா தீவு வழியாகப் போய்ச் சேர்ந்தன. 1980ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சில மாதம் சிறையில் இருந்தார். டிசைன் மட்டும் சிறைக்குப் போகவில்லை. தென்னாப்பிரிக்காவில் ஜி-5 ஆகி அங்கோலாப் போரில் சுட்டது. ஆஸ்திரியாவில் ஜிஎச்என்-45 ஆகி ஈராக்குக்கும் போனது, ஈரானுக்கும் போனது, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்த அதே சமயத்தில்.

நமக்கும் ஒரு நூல் இருக்கிறது. 1986ல் இந்தியா 155 மி.மீ. பீரங்கி வாங்கியபோது போஃபர்ஸோடு போட்டியில் நின்றவர்களில் அந்த ஆஸ்திரியக் கம்பெனியும் ஒன்று. போஃபர்ஸ் ஜெயித்தது, 410 பீரங்கி, 1,437 கோடி. அடுத்து என்ன நடந்தது என்பது சென்னையில் ஹிந்து படித்து வளர்ந்த வீடுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேறு மாதிரி முடிந்திருந்தால் மெக்கிலில் முளைத்த பீரங்கி தேவலாலி வரை வந்திருக்கும்.

புல் கடைசியில் சதாம் உசேனுக்காக 156 மீட்டர் நீளக் குழாயில் ராட்சதப் பீரங்கி கட்டிக்கொண்டிருந்தார். மறுபடி அதே விண்வெளிக் கனவு, இந்த முறை பாக்தாத் பணத்தில். 1990 மார்ச் 22 அன்று பிரஸ்ஸல்ஸில் வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். மொசாட் என்று ஊரே சொல்கிறது, யாரும் பிடிபடவில்லை. இந்தச் சாவைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள், டிவி படம் எடுக்கிறார்கள். எனக்கு 1967தான் முக்கியம். ஆராய்ச்சி அப்படியே இருக்க, அதற்குச் சோறு போடுகிறவர் மட்டும் மாறிய வருஷம்.

அப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். அப்பா திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் 31 வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். நவல்பட்டு குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன் நான், என் ஸ்கூல் ஃபீஸே துப்பாக்கி கட்டியதுதான். அதனால் ஆயுதம் என்றதும் காதைப் பொத்திக்கொள்கிற ஆள் இல்லை. கேட்டுவிட்டு அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "யாருக்கு விக்கிறாங்கன்னு தெரியுமா தம்பி? எங்க மாலுக்கு ஒரே கடைதான். எங்க போகுதுன்னு தெரியும். புடிக்குதோ புடிக்கலையோ, தெரியும்." (2021ல் அந்தத் தொழிற்சாலைகளையும் கம்பெனிகளாகப் பிரித்துவிட்டார்கள், இப்போது அவையும் ஏற்றுமதி ஆர்டர் தேடுகின்றன. அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.)

ஐஐடி மெட்ராஸிலும் இதே 155 மி.மீ.யில் வேலை நடக்கிறது. மியூனிஷன்ஸ் இந்தியாவோடு சேர்ந்து, வழிகாட்டியோடு பறக்கும் குண்டு செய்வதாக 2024ல் அறிவித்தார்கள். அங்கே குறைந்தபட்சம் எதற்கு என்று தலைப்பிலேயே இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. கனடாவில் ராணுவத் தொழில்நுட்பத்தைத் தொட கட்டுப்பாட்டுப் பொருள் சட்டப்படி பதிவு, பின்னணி விசாரணை எல்லாம் உண்டு. என் மாதிரி ஸ்டடி பெர்மிட் ஆசாமிக்கு அது லேசில் நடக்காது. ஆகவே எனக்கு வருவது அதற்கு முந்தைய கட்டம்: பொதுவான ஆராய்ச்சி, பேப்பர் போடலாம், மாநாட்டில் பேசலாம். அதாவது, இது எதற்கு என்று இன்னும் எழுதாத கட்டத்தில் மட்டும்தான் நான் தேவை. எழுதுகிற கட்டத்தில் நான் அறையில் இருக்க மாட்டேன்.

இந்த ஊர் விமானத் தொழிலில் ஓடுகிற ஊர். சிஏஇ 1947லிருந்து இருக்கிறது; அவர்கள் சிமுலேட்டரில் ஏர்லைன் பைலட்டும் பழகுவார், போர் விமானியும் பழகுவார். (எனக்கு வந்தது அந்தக் கம்பெனி இல்லை, முடிவு கட்டிவிடாதீர்கள்.) பல்கலைக்கழகங்களையும் இந்தத் தொழிலையும் சேர்க்க கிரியாக் என்ற அமைப்பு 2002லிருந்து இருக்கிறது. அதில் படித்து வேலைக்குப் போன சீனியர்கள் எனக்கு இட்லி போட்டிருக்கிறார்கள். 2024 ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை மெக்கில் புல்வெளியில் கூடாரம் போட்டு உட்கார்ந்த மாணவர்கள், ஆயுதக் கம்பெனிப் பங்குகளை விற்கச் சொன்னார்கள். பங்கை விற்கலாம். ஒரு கணக்கைப் போட்ட பிறகு அதை எப்படித் திரும்ப வாங்குவது?

என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை, கோட் டே நேஜில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். வாடகை கொடுக்கப் போனபோது, என்ன படிக்கிறீர் என்று வழக்கம்போலக் கேட்டார். குண்டு, தூரம், இழுவை என்று சொன்னேன். பருப்பு மூட்டையைத் தைத்துக்கொண்டே சொன்னார்: "ஷெல்லுக்கு ரெண்டு சத்தம் தம்பி. ஒண்டு அங்கை வெளிக்கிடேக்கை. மற்றது இங்கை விழேக்கை. அதுக்கிடையிலைதான் நாங்கள் பங்கருக்கு ஓடுறது." அப்புறம் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். அந்தப் பேச்சு அவ்வளவுதான்.

மறுநாள் கைடிடம் சொல்லிவிட்டுக் கம்பெனிக்கு மெயில் போட்டேன். நல்ல மனுஷர், கேள், தப்பில்லை என்றார். இரண்டு கேள்வி. கண்டுபிடிப்பதையெல்லாம் வெளியிடலாமா? இதை வைத்துச் செய்கிற சாமானை யாருக்கு விற்பீர்கள், யாருக்கு விற்க மாட்டீர்கள்?

முதல் கேள்விக்கு அன்றைக்கே பதில் வந்துவிட்டது: தாராளமாக வெளியிடலாம். இரண்டாவது கேள்வியைச் சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் அந்தப் பிரிவு வாயைத் திறக்காவிட்டால் பழைய ஸ்டைபெண்டே போதும் என்று கைடிடம் சொல்லிவிட்டேன். வட்டிக்கு ஒரு டியூஷன் பார்த்து வைத்திருக்கிறேன், பத்தாம் வகுப்புக் கணக்கு, அண்ணையின் மகளுக்கு.