ஆச்சி இல்லாத கட்டங்கள்

தென்காசியில் குற்றாலம் பஸ் ஏறியதுமே தாத்தா பையிலிருந்து வாரப் பத்திரிகையை எடுத்துவிட்டார். மடித்த பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி. ஜன்னலோர சீட்டில் பேத்தி, கையில் செல்போன்.

அந்த வீட்டில் குறுக்கெழுத்து இரண்டு பேர் வேலை. சினிமா, அரசியல் எல்லாம் தாத்தா. இலக்கியம் என்றால் ஆச்சி. அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்தான். ஆனால் திருக்குற்றாலக் குறவஞ்சியில் பாதி மனப்பாடம். தபால் அட்டையில் அனுப்புநர் பெயரும் ஆச்சியுடையதுதான். போன ஐப்பசியில் ஆச்சி தவறிய பிறகு, இலக்கியக் கட்டங்கள் மட்டும் வாராவாரம் காலியாகவே நின்றன. தாத்தா ஓர் அட்டைகூட அனுப்பவில்லை.

இந்த மோகம் பழசு. 1913-ல் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழில் ஆர்தர் வின் தொடங்கிவைத்தது. தமிழில் 1930-களிலேயே ஆனந்த விகடனின் போட்டிக்காக வாசகர்கள் காத்துக்கிடந்தார்கள். மாதம் 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டிகளைத் தடுக்க 1955-ல் மத்திய அரசு சட்டமே போட்டது. அதில் குறுக்கெழுத்தும் அடக்கம்!

"இடமிருந்து வலம் 11. சிங்கனுக்கு மண்புழுவாகத் தெரிந்த சிங்கியின் கால்நகை. நாலு எழுத்து" என்று வாசித்தார் தாத்தா.

பேத்தி செல்போனில் தேடினாள். குறவஞ்சிக் கதை வந்தது. ஊர் ஊராகக் குறி சொல்லி, நகைகளோடு திரும்புகிறாள் சிங்கி. சந்தேகத்தோடு ஒவ்வொரு நகையாக விசாரிக்கிறான் சிங்கன்.

"சிலம்பு தாத்தா! சி, ல, ம், பு. நாலு சரியா இருக்கு."

எழுதப்போன தாத்தா பேனாவை நிறுத்தினார். "மேலிருந்து கீழ் 7 அதே கட்டத்துலதான் முடியுது. குறவஞ்சி பாடின திரிகூடராசப்பக் கவிராயரோட ஊரு. அஞ்சு எழுத்து."

"தெரியலையே."

"ஏட்டி, வெளிய பாரு."

கடைப் பலகையில் 'மேலகரம்' என்றிருந்தது. பேத்தி விரல்விட்டு எண்ணினாள். மே, ல, க, ர, ம். கடைசிக் கட்டத்தில் 'ம்'. சிலம்பு அடிபட்டுப்போனது.

தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சிரித்தார். "விரியன் பாம்புன்னு அவன் பதறினதுதான் சிலம்பு. புழு மாதிரி நெளியுதேன்னு கேட்டது பாடகம். அடுப்படியில நின்னு உங்க ஆச்சி ரெண்டு குரல்லயும் நடிச்சுக் காட்டுவா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பேன்."

பா, ட, க, ம். பொருந்தியது.

குற்றாலத்தில் நல்ல சாரல். அருவிக்குப் போகும் முன்னால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தாத்தா விடைகளைத் தபால் அட்டையில் எழுதினார். 'அனுப்புநர்' என்ற இடம் வந்ததும் கை நின்றது. அட்டையைப் பேத்தியிடம் நீட்டினார்.

"உன் பேரை எழுதுட்டி."

அவள் முதலில் ஆச்சி பெயரை எழுதினாள். அதற்குக் கீழே தன் பெயர்.