கிராப் தாளில் ஒரு கிளி

மார்கழிக் குளிரில் உங்கள் பெண் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தைப் பார்த்துப் பூரித்துப் போகிறீர்கள். அதே பெண், பள்ளிக்கூடத்தில் கிராப் தாளைக் கண்டால் திருதிருவென்று விழிக்கிறாள், இல்லையா? சில ஆசிரியைகள் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். எண்களை ஜோடி ஜோடியாகக் கொடுப்பார்கள். முதல் எண்ணுக்கு வலப்புறம் நகர வேண்டும். இரண்டாவதற்கு மேலே ஏற வேண்டும். அங்கே புள்ளி. வரிசையாக இழை இழுத்தால் கோலம்!

நல்ல யோசனைதான். ஆனால், சகோதரி, இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. (4,8), (5,5), (8,4), (5,3), (4,0), (3,3), (0,4), (3,5) என்று புள்ளி வைத்து, கடைசியை முதலோடு சேர்த்துப் பாருங்கள். அழகான நட்சத்திரம்! இனி ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் போடுங்கள். அதே நட்சத்திரம்! எந்த எண் முந்தி என்று தெரியாத குழந்தையும் சபாஷ் வாங்கிவிடுகிறாள். பரீட்சையில்தான் குட்டு வெளிப்படுகிறது, பாவம்.

ஆகையால் கிளி போடச் சொல்லுங்கள். வலப்புறம் பார்த்து நிமிர்ந்து உட்கார வேண்டிய கிளி, எண் மாறினால் மல்லாந்து படுத்துவிடும். அடுப்படியிலிருந்தே நீங்கள் கண்டுபிடித்துவிடலாம்.