மூன்றாவது கொட்டேசன்

கடந்த ஒரு வருசத்தில் நாங்கள் 21 கொட்டேசன் குடுத்திருக்கிறோம். கிடைத்த வேலை 5. மிச்சம் 16 பேரில் பாதிப்பேர் ‘வேண்டாம்’ என்றுகூடச் சொல்லவில்லை. வாட்சப்பில் இரண்டு நீல டிக் விழும், அதோட சரி. பிறகு பஸ்ஸில் போகும்போது அந்த வீட்டு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் வேறு யாரோ நட்ட பாக்கு மரம் தெரியும்.

நாங்கள் நாலு பேர். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கலை கலாசார பீடத்தில் படிக்கிறோம். சனி ஞாயிறிலும் விடுமுறையிலும் வளவு துப்புரவாக்கி, மண் போட்டு, புல் பதித்து, மரம் நடுகிறோம். மொறட்டுவையில் இதை ஒரு பட்டப்படிப்பாகவே படிப்பிக்கிறார்கள். தமிழில் நிலவடிவமைப்பு என்று எழுதலாம். ஆனால் கல்லடியில் ஒரு வீட்டுப் படலையில் நின்று “நாங்கள் நிலவடிவமைப்பாளர்கள்” என்று சொன்னால் நாயை அவிழ்த்து விடுவார்கள். “தோட்ட வேலை செய்யிற கம்பஸ் பிள்ளையள்” என்றால்தான் உள்ளே விடுவார்கள். அப்படிச் சொன்ன அந்த நிமிசத்திலேயே எங்கட விலையும் பாதியாகிவிடும்.

கொட்டேசன் என்றால் ஒரு தாள் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அந்தத் தாளுக்கு முன்னால் நடக்கிறதைச் சொல்ல வேணும்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காகச் சுமார் 56 கிலோமீற்றர் நீளம். அதற்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் குளமுமாகக் கிடக்கிறது படுவான்கரை. எழுவான்கரையில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று வீடுகள் நெருக்கி நிற்கும். ஒரே ஒழுங்கையில் கடல்பக்கம் இருக்கிற வளவும் வாவிப்பக்கம் இருக்கிற வளவும் ஒரே சாதி மண் இல்லை. கடல்பக்கம் தோண்டத் தோண்ட மணல். ஊத்துகிற தண்ணி நிற்காது, போடுகிற மாட்டெரு முதல் மாரியோட கீழே இறங்கிவிடும். வாவிப்பக்கம் இரண்டு அடியில் கறுத்த சேறு வந்துவிடும், மார்கழியில் தண்ணி வடியாது. புதுசாக வீடு கட்டின வளவென்றால் மேல் மண்ணுக்குக் கீழே ஒரு அடிக்கு உடைஞ்ச கல்லும் சீமெந்துக் கட்டியும் புதைந்து கிடக்கும். மேலே பார்த்தால் தெரியாது. அலவாங்கு போட்டால்தான் தெரியும்.

ஆகவே போனவுடன் நாலு மூலையிலும் கிடங்கு வெட்டிப் பார்ப்போம். சுவரில் வெள்ளம் நின்ற கறையைத் தேடுவோம். கிணத்துத் தண்ணியை வாயில் வைத்துப் பார்ப்போம். அது மட்டும் போதாது, ஏனென்றால் தை மாசம் நல்லாயிருக்கிற தண்ணி, ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கத் தொடங்க உவர்த்துப்போகும். இதை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பயனில்லை. தன் கிணறு உவர் என்று யாரும் சொல்லமாட்டார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்க வேணும். “ஆடியில அந்தத் தண்ணியில தேத்தண்ணி போட்டுக் குடிக்க ஏலா மனே” என்று அவ ஒரு வசனத்தில் சொல்லி முடித்துவிடுவா.

அந்த ஒரு வசனத்தில்தான் என்ன புல் என்பது தீர்மானமாகும். எல்லாரும் கேட்கிறது மலேசியன் புல். அகல இலை, கடும் பச்சை, படத்தில் நல்லாயிருக்கும். ஈரமும் நிழலும் உள்ள இடத்தில் சோக்காக வளரும். உவர்த் தண்ணியும் மணலும் வெயிலும் அதற்குச் சரிவராது. எங்கட கடற்கரையில் தன்பாட்டில் படர்கிற அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் சல்லி குடுத்து வளவுக்குள் வைக்க யாருக்கும் மனம் வராது. இரண்டுக்கும் நடுவில் அறுகு இருக்கிறது, உப்பைத் தாங்குகிற வேறு சில மெல்லிய புல்லினங்களும் இருக்கின்றன. இதையெல்லாம் அரை மணித்தியாலம் நின்று விளங்கப்படுத்துவோம். கடைசியில் கேட்பார்கள்: “சரி தம்பி, மலேசியன் புல்லுக்கு எவ்வளவு வரும்?”

பிறகு விலை. ஆரையம்பதிப் பக்கம் ஒரு வீட்டுக்கு 185,000 போட்டோம். வீட்டுக்கார ஐயா தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, “ஒரு லட்சத்துக்குள்ள முடிங்க. படிக்கிற பிள்ளையள்தானே, உங்களுக்கு என்ன செலவு?” என்றார். அந்தத் தொகைக்குள் நாங்கள் மட்டும் இருக்கிறோம் என்று அவர் நினைத்துவிட்டார். படுவான்கரையில் இருந்து மண் ஏற்றி வருகிற லொறிக்காரர் இருக்கிறார். கிடங்கு வெட்டுகிற இரண்டு அண்ணன்மார் இருக்கிறார்கள், எங்கட கணக்கில் ஒரு ஆளுக்கு நாள் கூலி 3,000. கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் தன் முற்றத்தில் கன்று போட்டு விற்கிற ஒரு அக்கா இருக்கிறா. அவ ஒரு தேமாவைப் பையில் வளர்த்து எங்களிடம் தரும்போது அதற்கு இரண்டு மாரி வயது. “20,000 குறைங்க” என்பது ஐயாவுக்கு ஒரு சொல். எங்கட தாளில் அது கிட்டத்தட்ட ஏழு நாள் கூலி. யாருடைய ஏழு நாள் என்றுதான் எங்களுக்குக் கேட்கத் தோன்றும். வாய்விட்டுக் கேட்க முடியாது, ஐயா எங்களில் ஒருத்தனுடைய அம்மாவுக்குத் தூரத்து மாமா.

மட்டக்களப்பில் எல்லாரும் யாருக்கோ மாமாதான். அதனால் இங்கே வாடிக்கையாளர் என்று ஒரு பிறவி கிடையாது.

நான்கு மாசம் கழித்து வந்து பழைய விலையைக் கேட்கிறவர்களும் உண்டு. 2022 பங்குனியில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் வைகாசியில் 360ஐத் தொட்டதைப் பார்த்த ஊர் இது. அப்போது நாங்கள் பள்ளிக்கூடம். அந்தக் காலத்துப் பயத்தில் எங்கட தாளின் அடியில் ‘இந்த விலை 14 நாளைக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் வாசிப்பதில்லை.

இனி மூன்றாவது கொட்டேசன். பொதுக்காசு செலவழிக்கிற இடங்களில் சின்ன வேலைக்கு மூன்று பேரிடம் விலை வாங்குவார்கள். நல்ல நடைமுறை. ஒருநாள் ஒரு சேர் கூப்பிட்டார், பெயரும் இடமும் வேண்டாம். ரேப்போடும் அலவாங்கோடும் போனோம். அளக்கவே விடவில்லை. ஒரு துண்டில் ஒரு எண் எழுதி வைத்திருந்தார். “இதுக்கு மேல ஒரு தொகை போட்டு, உங்கட லெட்டர்ஹெட்டில தாங்க தம்பி, அவசரம்.” எங்களிடம் லெட்டர்ஹெட் இல்லை என்றோம். “அப்ப ஒண்டு அடிச்சுக்கொண்டு வாங்க.” தோற்பதற்கென்றே எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்! அதற்கு லெட்டர்ஹெட் அடிக்கிற செலவும் எங்கட தலையில். நாங்கள் குடுக்கவில்லை. அடுத்த கிழமை அங்கே வேலை தொடங்கிவிட்டது. மூன்றாவதை யாரோ குடுத்திருக்க வேணும்.

இதில் ஒரு பகிடி இருக்கிறது. குறைந்த விலைக்குத்தான் குடுக்க வேணும், சட்டம் அப்படி என்று ஆளுக்காள் சொல்வார்கள். முன்பு நடைமுறையில் இருந்த 2006 ஆம் ஆண்டின் அரசாங்கக் கொள்முதல் வழிகாட்டியிலேயே, கேட்ட நிபந்தனைகளுக்குப் பொருந்தி வந்த விலைகளை மதிப்பிட்டுப் பார்த்து, அதில் குறைந்ததை எடுக்க வேணும் என்றுதான் இருந்தது. நடுவில் இருக்கிற ‘பொருந்தி’யும் ‘மதிப்பிட்டு’ம் எங்கயோ வாவிக்குள் விழுந்துவிட்டன.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது வேறொரு வேலையில். வாவியோரமாக ஒரு காணி. சொந்தக்காரர் வெளிநாட்டில், வீடியோ கோலில் காணியைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கரையில் கண்டலும் தில்லையும் அடர்ந்து நின்றன. “அந்தப் பத்தையெல்லாம் அடிச்சுட்டு, ஹோல்ல இருந்து பார்த்தா வாவி தெரியிற மாதிரிச் செய்யுங்க. சல்லி பிரச்சினையில்ல” என்றார். எங்களிடம் சல்லி பிரச்சினையில்லை என்று சொன்ன முதல் ஆள் அவர். தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, வெட்டுகிற அண்ணன்மாரை அதற்குள் இறக்க ஏலாது என்றோம். மெசின் பிடியுங்கள் என்றார். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னோம், கரையின் இயல்பை மாற்றுகிற வேலைக்கு அனுமதி எடுக்க வேணும் என்றோம். “நான் சல்லி தாறன், நீங்க சட்டம் கதைக்கிறியள்” என்று கோலைக் கட் பண்ணிவிட்டார்.

2004 டிசம்பர் 26 இல் நாங்கள் கைக்குழந்தைகள். நாவலடியிலும் டச்பாரிலும் திருச்செந்தூரிலும் என்ன நடந்தது என்று அம்மாமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள். தண்ணி வந்த பக்கம், ஓடின பக்கம், பிடிச்சுக்கொண்டு தொங்கின மரம் என்று அந்தக் கதைகளில் மரத்துக்கும் ஒரு இடம் இருக்கும். கரையில் வேர் விட்டு நிற்கிற ஒன்றைப் ‘பத்தை’ என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் எங்களில் ஒருத்தனுக்கு அந்த மாசம் அறை வாடகை கட்ட வேண்டியிருந்தது. “நாம விட்டா வேற ஆரும் வெட்டத்தான் போறான். வாடகைய ஆர் கட்டுறது?” என்று கேட்டான். அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மற்ற மூன்று பேரும் சேர்ந்து அவன் வாடகையைக் கட்டினோம், அடுத்த மாசம் எங்கட சாப்பாட்டுக் காசு குறைந்தது. ஒரு கொட்டேசனை மறுப்பதற்கும் விலை இருக்கிறது. அதை எந்தத் தாளிலும் எழுதுவதில்லை.

கடைசியாக, படம். வளவை அளந்து, எந்த மரம் எங்கே, தண்ணி எந்தப் பக்கம் வடிய வேணும் என்று நிறப் பென்சிலால் கீறிக் குடுப்போம். மூன்று இரவு வேலை. அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டு “யோசிச்சுச் சொல்றம்” என்பார்கள். பிறகு அதே படத்தை இன்னொருத்தருக்குக் காட்டி “இதுக்கு நீங்க எவ்வளவு?” என்று கேட்பார்கள். அவர் கிடங்கு வெட்டவில்லை, அளக்கவில்லை, கீறவில்லை. எப்படியும் எங்களை விடக் குறைவாகத்தான் வரும்.

எங்களில் ஆங்கில இலக்கியம் படிக்கிறவள் இதைக் கேட்டுவிட்டு ஹம்ப்ரி ரெப்டன் என்ற இங்கிலாந்துக்காரரைப் பற்றிச் சொன்னாள். 1788 இல், 36 வயதில், செய்த மற்றத் தொழில்கள் சரிவராமல் தோட்டம் வடிவமைக்க இறங்கியவர். ஒவ்வொரு காணிக்கும் சிவப்புத் தோல் அட்டை போட்டு ஒரு புத்தகம் செய்வாராம். உள்ளே நீர்வர்ண ஓவியம். அதன் மேல் ஒட்டியிருக்கிற மடிப்பைத் தூக்கினால் அதே இடம் வேலை முடிந்த பிறகு எப்படி இருக்கும் என்று தெரியும். அவருக்கு முன்னால் பேர் எடுத்த பிரௌண் முழு வேலையையும் கொந்தராத்து எடுத்துச் செய்தவர். ரெப்டன் பெரும்பாலும் போய்ப் பார்ப்பதற்கும் யோசனைக்கும் அந்தப் புத்தகத்துக்கும்தான் காசு வாங்கினார். வேலையைக் காணிக்காரர் தன் ஆட்களை வைத்துச் செய்யலாம், செய்யாமலும் விடலாம். 1814 இல் வந்த ஜேன் ஒஸ்ரினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் ஒரு பாத்திரம் அவருடைய கட்டணம் நாளுக்கு 5 கினி என்று சொல்கிறது. கதைக்குள் வருகிற அளவுக்கு அந்தக் கட்டணம் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. ரெப்டனின் ஆட்கள் பிரபுக்கள், எங்கட ஆட்கள் ஓய்வுபெற்ற தபாலதிபர்கள் என்பது உண்மை. என்றாலும் போய்ப் பார்ப்பது ஒரு வேலை என்று 200 வருசத்துக்கு முன்னால் ஒருத்தர் பில் போட்டிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெம்பாக இருந்தது.

அந்தத் தெம்பில் வளவு பார்க்க 2,500 என்று வைத்தோம். வேலை தந்தால் கழித்துவிடுவோம். படத்துக்குத் தனி. முதல் ஆளிடம் சொன்னபோது, “மரத்தப் பாக்கவும் டொக்டர் பீஸா?” என்று கேட்டார். கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கூப்பிடுகிறவர்கள் கிடங்கு வெட்டும்போது பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறார்கள், அது புதுசு. எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. வேலியோரம் நாலு செவ்வரத்தையும் ஒரு மல்லிகைப் பந்தலும் கேட்கிற ஒரு அம்மாவிடம் எப்படி 2,500 கேட்பது என்று ஒருத்தி விடாமல் கேட்கிறாள். இப்போதைக்கு 10 பேர்ச்சுக்குக் குறைந்த வளவுக்கு வாங்குவதில்லை என்று முடித்து வைத்திருக்கிறோம்.

ஆரையம்பதி வேலையை எடுத்தவனை இரண்டு மாசத்துக்குப் பிறகு அந்தக் கன்று விற்கிற அக்காவின் முற்றத்தில்தான் கண்டோம். எங்கட வயதுப் பொடியன், தமையனின் பட்டா லொறியை வைத்து வேலை செய்கிறான். அந்த ஐயா காட்டிய படம் எங்கட கையால் கீறியது என்று அவனுக்குத் தெரியாது. 95,000க்கு எடுத்திருக்கிறான். புது மண் போடுவதற்கு அதில் இடம் இல்லை, மணலுக்கு மேலேயே மலேசியன் புல்லை விரித்திருக்கிறான். ஆடியில் மஞ்சளாகிப் போனதும் ஐயா கடைசி 30,000ஐக் குடுக்கவில்லை. தமையனுக்கு டீசல் காசு குடுத்த பிறகு கையில் மிஞ்சியது 4,000 என்றான். அவனிலும் எங்களுக்குக் கோபம் இருந்தது, ஆனால் அந்தக் கணக்கைக் கேட்ட பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. “அந்தக் கிணறு உவர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல” என்றான்.

இப்போது சில நேரம் அவன் கோல் எடுப்பான். ஒழுங்கையின் பெயரைச் சொல்லி, அங்கே தண்ணி எப்படி என்று கேட்பான். நாங்கள் பார்த்த வளவாக இருந்தால் சொல்வோம், பக்கத்து வீட்டு அம்மா யார் என்றும் சொல்வோம். எவ்வளவு விலை போட்டோம் என்று அவன் கேட்பதில்லை. நாங்களும் சொல்வதில்லை.